தகட்டுக்கு அந்தப் பக்கம்

பிப்ரவரி 3

அக்காவுக்கு,

பதினோரு மாதம் கழித்து எழுதுகிறேன். ஃபோனில் பேசப் பிடிக்காமல் காகிதத்தில் கிறுக்கி அனுப்புகிறான் என்று நினைத்துவிடாதே. நான் இருக்கும் இடத்தில் சிக்னல் இல்லை. துறைமுகத்துக்கு வெளியே, கரை ஒரு கோடாக மட்டும் தெரிகிற தூரத்தில், எங்கள் கப்பல் நங்கூரம் போட்டு நிற்கிறது. நான்கு மாதமாக இதே இடம்தான். கம்பெனி கையை விரித்துவிட்டது. முதலாளி எந்த நாட்டில் இருக்கிறார் என்றே யாருக்கும் தெரியவில்லை. கோர்ட்டு கப்பலைப் பிடித்து வைத்திருக்கிறது.

இருபது பேர் இருந்தோம். மற்ற எல்லோரையும் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனால் ஆளே இல்லாமல் கப்பலை விடக் கூடாதாம், பொறுப்பாளர் என்று ஒருவர் வேண்டுமாம். கம்பெனிக்காகத் துறைமுகத்தில் வேலை பார்க்கும் ஏஜென்ட் ஒரு காகிதத்தோடு வந்தார். கேப்டன் பெட்டி கட்டும் அவசரத்தில் இருந்தார். இரண்டாம் இன்ஜினியர் என்று என் பக்கம் நீட்டினார்கள். "சும்மா ஒரு ஃபார்மாலிட்டி சார், பத்தே நாள்ல ஆள மாத்திடுவோம்" என்றார் ஏஜென்ட். எனக்குத் தெரியாத மொழியில் இருந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கோர்ட்டு சொல்லும்வரை, அல்லது வேறொருவர் எனக்குப் பதிலாகக் கையெழுத்துப் போடும்வரை, நான் கப்பலை விட்டு இறங்கக் கூடாது என்று அதில் எழுதியிருந்ததாம். எல்லோரும் போன பிறகுதான் தெரிந்தது. என் பாஸ்போர்ட்டும் துறைமுக அலுவலகத்தில் இருக்கிறது.

தனியாக ஐம்பத்தெட்டு நாள் ஆகிறது. பத்து நாளைக்கு ஒருமுறை தண்ணீரும் சாமானும் கொண்டு ஒரு படகு வரும். படகுக்காரர் நல்ல மனிதர். கடிதத்தைக் கரையில் மாலுமிகள் சங்கத்தில் கொடுப்பார். நீ எழுதினாலும் சங்கத்தின் முகவரிக்கே எழுது.

கூட ஒரு மெமரி கார்டு வைத்திருக்கிறேன். கப்பல் முழுக்கத் துரு. போன வாரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது உன் வேலை ஞாபகம் வந்தது. படம் எடுத்தேன். உபயோகப்பட்டால் வைத்துக்கொள்.

கிளம்பும் அன்று நான் சொன்னதை நீ மறந்திருக்க மாட்டாய். நானும்தான்.

தம்பி

பிப்ரவரி 20

தம்பிக்கு,

உன் கடிதத்தை மாமாதான் முதலில் பிரித்தார். "கப்பலுக்கு வாட்ச்மேன் ஆயிட்டானாம் உன் தம்பி" என்று சிரிக்க ஆரம்பித்தவர், பாதியில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். லிஃப்ட் மெக்கானிக்கின் மூளை வேறு எப்படிப் போகும்? "லிஃப்ட்ல மாட்டினவங்கள இருபது நிமிஷத்துல வெளிய எடுத்துடுவேன். இவன எந்தப் பக்கம் நெம்புறது?" என்றார். அன்று எங்கள் இருவருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

நீ சொன்னது எனக்கு ஓர் எழுத்து விடாமல் ஞாபகம் இருக்கிறது. "நீ பண்றதெல்லாம் ஒரு வேலையா? எவனும் பாக்காத வால்பேப்பர்." மாமா கம்பெனியில் உன்னைச் சேர்த்துவிட நான் தலைகீழாக நின்றதற்குக் கிடைத்த பரிசு. பதிலுக்கு நான் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. "போறதுன்னா போ. இந்த வீட்டு வாசல மிதிக்காத." இப்போது நீ எந்த வாசலையும் மிதிக்க முடியாமல் நிற்கிறாய். நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. விடு.

மாமா லிஃப்ட் பார்க்கிற கட்டிடத்தில் ஒரு வக்கீலம்மா இருக்கிறார். கப்பல் வழக்குகள் பார்த்தவர். உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "கோர்ட்டு உத்தரவு வாங்கணும், இல்லன்னா மாத்து ஆள் வரணும். மூணாவது வழி இருக்கான்னு பாக்குறேன்" என்றார். அந்த ஊரில் தனக்குத் தெரிந்த வக்கீல் மூலம் மனு போடுகிறார்.

இனி உன் படங்கள். மேல்தளத்துத் துரு வேண்டாம், வெயிலும் நிழலும் விழுந்து கெட்டிருக்கிறது. ஆனால் இன்ஜின் அறையில் ஒரு தகடு எடுத்திருக்கிறாயே, பழைய பச்சைப் பெயின்ட் உரிந்து ஆரஞ்சும் பழுப்புமாக, அது அபாரம். கெடுத்தது உன் ஃப்ளாஷ்தான். நடுவில் வெள்ளையாக எரிந்து கிடக்கிறது.

மறுபடி எடு. ஃப்ளாஷ் வேண்டாம். இரண்டு பக்கமும் விளக்கை வைத்து வெள்ளைத் துணியால் மூடு. கேமராவைத் தகட்டுக்கு நேராகப் பிடி. ஒரு படத்தின் ஓரம் அடுத்த படத்திலும் வருகிற மாதிரி வரிசையாக எடு. அளவு தெரிய ஒரு சட்டைப் பொத்தானை ஒட்டிவை, பிறகு நான் அழித்துக்கொள்கிறேன். எங்கள் முதலாளியம்மா ஒரு வெப்சைட்டுக்குத் துருப் பின்னணி கேட்டு ஒரு மாதமாக என் உயிரை வாங்குகிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொன்ன மாதிரியே எடுத்திருக்கிறேன். இரண்டு விளக்கு, கிழிந்த படுக்கை விரிப்பு, என் யூனிஃபார்ம் பொத்தான். மொத்தம் நாற்பது படம். ஜெனரேட்டரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் ஓட்டுகிறேன், டீசல் குறைவு. அந்த ஒரு மணி நேரத்தையும் உனக்கே கொடுத்தேன்.

அந்தத் தகடு இன்ஜின் அறையின் அடித்தளத்தில், இடது பக்கச் சுவரில் இருக்கிறது. கை வைத்தால் சில்லென்று இருக்கும். அந்தப் பக்கம் கடல்.

நாள் எப்படிப் போகிறது என்று கேட்பாய். காலையில் எழுந்து, கப்பலின் அன்றாடப் பதிவான லாக் புத்தகத்தில் தேதி போடுவேன். நங்கூரச் சங்கிலியைப் பார்ப்பேன். பிறகு கீழே கொஞ்சம் வேலை. மத்தியானம் ஒரு டப்பாவைத் திறப்பேன். லேபிளெல்லாம் நனைந்து உரிந்துவிட்டதால் உள்ளே என்ன என்பது திறந்தால்தான் தெரியும். அன்றைக்குப் பீன்ஸா பழமா என்பதுதான் எனக்கு இருக்கிற ஒரே லாட்டரி. போன வாரம் என் அறைக் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கப்பலில் ஒரு ஆள் கிடையாது, யாருக்குப் பயந்து போட்டேன் என்று பிறகு எனக்கே புரியவில்லை.

எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். கையெல்லாம் காய்த்துப் போயிருக்கிறது. உடற்பயிற்சிதான்.

மாற்று ஆள் அடுத்த மாதம் வருவார் என்று ஏஜென்ட் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

தம்பி

மார்ச் 27

அன்புத் தம்பிக்கு,

உன் துரு இப்போது ஒரு சைக்கிள் கடையின் இணையதளத்தில் இருக்கிறது! முதலாளியம்மா என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினாள். ஒன்பது வருஷத்தில் இது இரண்டாவது தடவை.

நீ இதை ஒரு நாளும் கேட்டதில்லை, ஆனாலும் சொல்கிறேன். இவ்வளவு பெரிய தகட்டை அப்படியே தளத்தில் போட முடியாது, பக்கம் திறக்கவே நேரமாகும். சின்னச் சதுரமாக வெட்டி, அதையே பக்கத்தில் பக்கத்தில் அடுக்குவோம். ஒரு சதுரம் முடிந்து இன்னொன்று தொடங்குகிற இடம் தெரியக் கூடாது. அதனால் படத்தைப் பாதியாக நகர்த்தி, ஓரங்களை நடுவுக்குக் கொண்டுவந்து, அங்கே தெரிகிற ஒட்டை அழிப்பேன். அதற்கப்புறம்தான் நிஜமான வேலை. எங்காவது ஒரு கீறலோ புள்ளியோ மற்றதைவிடத் துருத்திக்கொண்டிருந்தால், அது அடுக்கில் நூறு இடத்தில் வந்து நின்று, 'இது ஒரே படம்தான்' என்று காட்டிக்கொடுத்துவிடும். அந்த ஒன்றைத் தேடிப் பிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். மாமாவின் சட்டையில் குழம்பு தெறித்திருந்தால் எதிர் வீட்டு மாடியிலிருந்தே சொல்லிவிடுவேன்.

மனு போட்டாயிற்று. மே பதினெட்டாம் தேதி எடுத்துக்கொள்வார்களாம். அவ்வளவு நாளா என்று கேட்டதற்கு, "இதுவே சீக்கிரம்" என்றார் வக்கீலம்மா.

அதே தகட்டை இன்னும் அகலமாகக் கேட்கிறாள் முதலாளியம்மா. இந்தத் தடவை இரண்டு முழம் தள்ளியும் எடு, பழைய இடத்தையும் எடு. இரண்டையும் நான் இணைக்க வேண்டும்.

பிறகு, உனக்கு எந்தக் காலத்தில் உடற்பயிற்சி? பள்ளிக்கூடத்தில் டிரில் வகுப்பு வந்தாலே வயிற்றுவலி வருகிற ஆள் நீ. கை ஏன் காய்த்திருக்கிறது?

அக்கா

ஏப்ரல் 13

அன்புள்ள அக்காவுக்கு,

நீ திட்டுவாய். திட்டுவதற்கு முன் முழுசாகப் படி.

மாற்று ஆள் வந்தார். ஏஜென்டே கூட்டிவந்தார். என் பெட்டி காலையிலேயே தயார். வந்தவருக்கு வயது ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்கும். ஒரு கிடங்கில் காவல்காரராக இருந்தவராம். கப்பல் ஏணியில் ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. ஏஜென்ட் காகிதத்தை மேஜையில் வைத்துப் பேனாவைத் திறந்து நீட்டினார். அவர் அதை வாங்கி, எந்த இடத்தில் போடுவது என்று விரலால் தேடினார். அப்போதுதான் அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று எனக்குப் புரிந்தது.

நான் கேட்டேன். "ஐயா, எத்தனை நாளைக்குன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தாங்க?"

"பத்து நாளு" என்றார்.

ஏஜென்ட் என்னைப் பார்த்தார். பார்வையிலேயே கெஞ்சினார், மிரட்டவும் செய்தார். என்னால் அந்தப் பெட்டியைத் தூக்க முடியவில்லை, அக்கா. காகிதத்தில் என்ன இருக்கிறது என்று சொன்னேன். நான் எத்தனை நாளாக இருக்கிறேன் என்றும் சொன்னேன். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு, என் தோளைத் தொட்டார். "நீங்க நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு ஏணியில் இறங்கிப் போனார். படகு திரும்பும்போது ஏஜென்ட், "உங்க தலைல நீங்களே மண்ணள்ளிப் போட்டுக்கிட்டீங்க" என்று கத்தினார்.

பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. கதவோரமாக அப்படியே இருக்கிறது.

நீ கேட்ட படங்கள் கார்டில் இருக்கின்றன.

தம்பி

ஏப்ரல் 28

தம்பிக்கு,

திட்டாமல் என்ன செய்யச் சொல்கிறாய்? நூற்றிருபது நாளுக்கு மேல் தவம் கிடந்து, வாசல் திறந்ததும் நீயே போய்ச் சாத்திவிட்டு வந்திருக்கிறாய். அந்த மனிதர் வேண்டாமென்றால் இன்னொருவர் வருவார், அவருக்கும் வகுப்பெடுப்பாயா? உன் நல்ல மனசை நீயே வைத்துக் கொண்டாடு. இங்கே நான் ஒவ்வொரு நாளும் தபால்காரரின் முகத்தைப் பார்த்து நிற்கிறேன். மாமா உன் பக்கம் பேசுகிறார். "நானா இருந்தாலும் அதான்டி செஞ்சிருப்பேன்" என்கிறார். அவரோடும் நான் பேசுவதில்லை.

ஏப்ரல் 29

மேலே இருப்பதை நேற்று எழுதினேன். கிழித்துப் போட நேரமில்லை.

இன்று காலை உன் புதுப் படங்களைப் பழையவற்றோடு இணைக்க உட்கார்ந்தேன். துரு பொருந்துகிறது, பெயின்ட் பொருந்துகிறது, ஓர் இடம் மட்டும் ஒட்டவே மாட்டேன் என்கிறது. என் தப்பு என்று நினைத்து மூன்று தடவை அடுக்கிப் பார்த்தேன். தப்பு என்னுடையது இல்லை. மார்ச் மாதப் படத்தில் பொத்தானுக்குக் கீழே உப்புப் பூத்த மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. இரண்டு பொத்தான் நீளம். ஏப்ரல் படத்தில் அதே கோடு ஐந்து பொத்தான் நீளம், முடிகிற இடத்தில் இரண்டாகப் பிரிகிறது. அதன் அடியில் ஏதோ மினுங்குகிறது. பெரிதாக்கிப் பார்த்தேன். துளி.

அந்தத் தகட்டுக்கு அந்தப் பக்கம் என்ன என்று நீதான் எழுதியிருந்தாய்.

தண்ணீர் உள்ளே வருகிறதா? உன் கை எதனால் காய்த்தது? இந்தத் தடவை என்னிடம் பொய் சொல்லாதே. இதைத் தபாலில் போடவில்லை. சங்கத்துக்கு மெயிலில் அனுப்புகிறேன், அச்செடுத்து அடுத்த படகில் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். பதிலையும் அவர்களிடமே கொடு.

அக்கா

மே 2

அக்கா,

படகுக்காரர் காத்திருக்கிறார். சுருக்கமாக எழுதுகிறேன்.

ஆமாம். ஜனவரியிலிருந்தே வருகிறது. ஒரே இடத்தில் இல்லை, மூன்று இடத்தில். மோட்டார் பம்பு கெட்டுவிட்டது, பாகம் கிடைக்காது. கைப்பம்பு இருக்கிறது. முதலில் தினம் ஒரு மணி நேரம் அடித்தேன். இப்போது ஆறு மணி நேரம். அடித்தால் கணுக்காலுக்குக் கீழே நிற்கிறது. ஒருநாள் காய்ச்சலில் படுத்துவிட்டேன், மறுநாள் முழங்கால் வரை இருந்தது.

ஏஜென்டிடம் மூன்று தடவை எழுதிக் கொடுத்தேன். லாக் புத்தகத்திலும் தினமும் எழுதுகிறேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "பொறுப்பாளர் நீங்கதானே? கப்பல் மூழ்கினா கேஸ் உங்க மேலதான் வரும். பேசாம தண்ணிய இறைங்க." அவர் சொல்வது பொய்யில்லை என்றுதான் நினைக்கிறேன். காகிதத்தில் அப்படித்தான் இருக்கிறது. கப்பலைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டியவன் நான். அது கெட்டுப்போய்விட்டது என்று நானே ஊரைக் கூட்டினால் என் கையில் விலங்குதான் விழும். நான் இறங்கவும் முடியாது, சொல்லவும் முடியாது. அந்தப் பெரியவரை அன்றைக்கு விட்டுவிட்டு வந்திருந்தால் அவர் என்ன ஆகியிருப்பார் என்று இப்போது உனக்குப் புரியும்.

பதினெட்டாம் தேதி வரை தாங்கும். நான் பார்த்துக்கொள்கிறேன். தயவுசெய்து யாரிடமும் சொல்லாதே. மாமாவிடம்கூட வேண்டாம். உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

தம்பி

மே 5

தம்பி,

சொல்லிவிட்டேன்.

மாமாவிடம் சொன்னேன், வக்கீலம்மாவிடம் சொன்னேன், மாலுமிகள் சங்கத்துக்கு எழுதினேன், துறைமுக அலுவலகத்துக்கும் எழுதினேன். இரண்டு படத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, கோடு எங்கிருந்து எதுவரை வளர்ந்தது என்று சிவப்பில் வரைந்து, தேதியோடு அனுப்பினேன். அவர்கள் ஏதாவது கேட்டால் சொல்வதற்குத் தயாராக, முப்பத்தாறு நாளில் எத்தனை மில்லிமீட்டர் என்றுகூடக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன்.

வக்கீலம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "தெரிஞ்சும் சொல்லாம இருந்தாத்தான் அவர் மேல தப்பு. அவர் மூணு தடவ எழுதிக் கொடுத்திருக்கார், தினம் லாக் எழுதியிருக்கார். இனிமே ஏஜென்ட்தான் பதில் சொல்லணும். ஆள் தங்க லாயக்கில்லாத கப்பல்னு, கப்பல சோதிக்கிற சர்வேயர் எழுதிட்டா, எந்தக் காகிதமும் அவரக் கட்டி வைக்க முடியாது." இதுதான் அவர் தேடிக்கொண்டிருந்த மூன்றாவது வழி.

அவர் சொல்வது நடக்காமல் போய், உன்னை உள்ளே தூக்கி வைத்தாலும் வைக்கட்டும். சிறைக்கு நான் வந்து கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பேன். கடலுக்கு அடியில் எங்கே வந்து பார்ப்பது?

கோபித்துக்கொள். இன்னும் பதினோரு மாதம் வேண்டுமானாலும் பேசாமல் இரு. லாக் புத்தகத்தை மட்டும் பையில் போட்டு உடம்போடு கட்டிக்கொள்.

அக்கா

மே 16

அன்புள்ள அக்காவுக்கு,

ஃபோனில் நீ அழுதாய், நான் அழுதேன், மாமா நடுவில் "ஹலோ ஹலோ" என்றார். விஷயம் எதையும் சொல்ல முடியவில்லை. அதனால் கையில் ஃபோன் இருந்தும் எழுதுகிறேன்.

பத்தாம் தேதி காலையில் துறைமுகப் படகு வந்தது. சர்வேயர் ஒருவர், அவரோடு சங்கத்து ஆள் ஒருவர். ஏஜென்ட்டும் வந்திருந்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை. சர்வேயர் கையில் நீ அனுப்பிய படம். அதைத் தகட்டுக்கு அருகே பிடித்துப் பார்த்துவிட்டு, "யார் இத வரைஞ்சது? எந்த எக்ஸ்பர்ட்?" என்றார். "என் அக்கா" என்றேன். "கப்பல் இன்ஜினியரா?" "இல்ல சார். வெப்சைட்டுக்கு வால்பேப்பர் பண்றாங்க." கிண்டல் செய்கிறேன் என்று நினைத்திருப்பார்.

பிறகு ஒரு முனை கூரான சுத்தியலை எடுத்து, கோட்டுக்கு ஒரு சாண் மேலே மெதுவாகத் தட்டினார். மூன்றாவது தட்டில் முனை உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்தார். விரல் கனத்தில் தண்ணீர் அவர் மார்பில் பீய்ச்சி அடித்தது. ஏஜென்ட் ஏணியில் ஏறிய வேகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். நான் ஜனவரியிலிருந்தே ஆப்பு செதுக்கி, துணி சுற்றிப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். வைத்து அடித்தேன். நின்றது. சர்வேயர் நனைந்த சட்டையோடு என் கையைத் திருப்பிப் பார்த்தார். காய்ப்புகளை விரலால் தடவினார். "எவ்வளவு நாளா?" என்றார். சொன்னேன். அவர் மேலே வந்து படகில் உட்கார்ந்து, முழங்காலில் காகிதத்தை வைத்து அங்கேயே எழுதினார். இந்தக் கப்பலில் யாரும் தங்கக் கூடாது, இந்த நிமிடத்திலிருந்து. பெட்டி கதவோரம் இருந்ததால் இரண்டே நிமிடத்தில் இறங்கிவிட்டேன்.

கப்பலை ஆளில்லாமல் இழுத்துப்போய் மணல் திட்டில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். என் மேல் வழக்கு இல்லை என்று சங்கத்து வக்கீல் சொல்கிறார். லாக் புத்தகம் அவரிடம் இருக்கிறது. பாஸ்போர்ட் வர இன்னும் பன்னிரண்டு நாள் ஆகுமாம். அதுவரை சங்கத்து விடுதியில் ஓர் அறை.

உன் மேல் எனக்குக் கோபம் இருந்தது. சங்கம் தனிப் படகில் கொடுத்தனுப்பிய மே ஐந்தாம் தேதி கடிதத்தைப் படித்த அன்று உன்னைக் கண்டபடி திட்டினேன், சத்தமாக. பம்பு அடித்துக்கொண்டே திட்டினேன். அதையும் உனக்குச் சொல்லிவிட வேண்டும்.

நேற்றுக் காலை வெளியே போகலாம் என்று கிளம்பினேன். விடுதி வாசல் திறந்துதான் இருந்தது. ஆனால் நிலைப்படிக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. மேஜையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த விடுதிக் காப்பாளரம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன வேணும்?"

"வெளிய போகணும்."

"போங்க."

"யார்கிட்டயாவது கையெழுத்து வாங்கணுமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார். "செருப்பு போட்டுக்கிட்டுப் போங்க. தரை சுடும்" என்றார்.

போட்டுக்கொண்டு போனேன். கப்பலில் எந்தப் பக்கம் நடந்தாலும் கம்பி வந்துவிடும், திரும்பிவிடுவேன். இங்கே ஒவ்வொரு தெருமுனையிலும் உடம்பு தானாகத் திரும்பப் பார்த்தது. நான் திரும்பவில்லை. பேக்கரி, பள்ளிக்கூடம், டயர் கடை, ஒரு பாலம், பாலத்துக்கு அப்பால் வீடுகள். ஒரே திசையில் இரண்டு மணி நேரம் நடந்தேன். எங்கே வந்திருக்கிறேன் என்றே தெரியவில்லை. மூன்று பேரிடம் வழி கேட்டு, பஸ் ஏறி, மத்தியானச் சாப்பாடு தீர்ந்த பிறகு வந்து சேர்ந்தேன்.

கால் இரண்டும் வீங்கியிருக்கிறது. இதைத் தபாலில் போட்டுவிட்டு மறுபடி போகப்போகிறேன்.

தம்பி